பேசக்கூடிய நாளிலேயே பேசிவிடுவோம்

ஒருவர் காலமாகிச் சில வாரங்கள் கழிந்தபின் அவருடைய குடும்பத்தார் மீண்டும் ஒருமுறை மருத்துவமனைக்கு வருவார்கள். இம்முறை அவர்கள் நாடி வருவது மருத்துவ ஆவணப் பிரிவை. சிகிச்சைச் சுருக்கத்தின் நகல், காப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தில் மருத்துவரின் கையொப்பம், இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழையென்றால் அதைத் திருத்துவதற்கு ஒரு கடிதம் என அவர்களுக்குப் பல தேவைகள் இருக்கும். அப்பிரிவுக்கு அடுத்த அறையில் மருத்துவ சமூகப் பணியாளனாகப் பல ஆண்டுகள் அமர்ந்திருப்பவன் நான். நோயின் துயரம் முடிந்த இடத்தில் காகிதங்களின் துயரம் தொடங்குவதை அந்த வாசலில் அடிக்கடி காண்கிறேன்.

சென்ற ஆண்டு அவ்வாறு இரு பெண்கள் வந்தார்கள். ஒருவர் கைக்குழந்தையுடன் வந்த இளம் மனைவி. மற்றவர் அவருடைய மாமியார். சிறுநீரகம் செயலிழந்த அந்த இளைஞர் எங்களிடம் ஐந்து மாதங்கள் சிகிச்சை பெற்றவர். அந்த ஐந்து மாதங்களும் இவ்விருவரும் ஒரே டிபன் கேரியரிலிருந்து பகிர்ந்து உண்டதையும், முறை வைத்து இரவில் விழித்திருந்ததையும் வார்டு முழுவதும் அறியும். அன்று அவர்கள் வெவ்வேறு பெஞ்சுகளில் அமர்ந்திருந்தார்கள். திருமணத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு அவர் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் நாமினியாகத் தாயின் பெயரே இருந்தது.

“என் மகன் எனக்குத்தானே எழுதி வைத்தான்” என்றார் தாய். “மாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார் ஐயா, அதற்குள் படுத்துவிட்டார்” என்றார் மனைவி. இருவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். எது தம் விருப்பம் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இப்போது இல்லை. அவரிடம் கேட்பதற்கு ஐந்து மாதங்கள் இருந்தன. வீட்டார் கேட்கவில்லை. நாள்தோறும் அவர் கட்டிலருகே நின்று நலம் விசாரித்த நானும் கேட்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

என் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பீடு, வங்கிக் கணக்கு, வீடு, நிலம் ஆகியவை எவருக்குச் சேர வேண்டும் என்ற பேச்சு, நோயாளி தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே நடைபெற வேண்டும். அப்பேச்சு நோயாளியின் பேச்சாக இருக்க வேண்டும். முதலாவதைத் தவறவிடும் குடும்பங்கள் பின்னர் நீதிமன்றத்தில் நிற்கின்றன. இரண்டாவதை மறக்கும் குடும்பங்கள், உயிருடன் இருக்கும் மனிதரையே சொத்துப் பட்டியலாகப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன.

நாமினி வேறு, வாரிசு வேறு

நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றிய ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நாமினியாக எவர் பெயர் இருக்கிறதோ, பணம் அவருக்கே சொந்தம் என்பது அது. சட்டத்தின் நிலை அவ்வளவு எளியதன்று.

1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு நாமினியைப் பற்றிப் பேசுகிறது. அப்பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே என்றும், பெற்ற பணம் இறந்தவரின் வாரிசுகள் அனைவருக்கும் உரியது என்றும் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நாமினியாக இருந்தவர் மனைவி. பங்கு கேட்டு வந்தவர் இறந்தவரின் தாய். தாயின் உரிமையை நீதிமன்றம் ஏற்றது.

2015-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. பாலிசிதாரர் தம் பெற்றோரையோ, கணவன் அல்லது மனைவியையோ, பிள்ளைகளையோ நாமினியாக நியமித்தால், அவர்கள் அப்பணத்தின் பயனைத் தாமே அடைய உரிமையுள்ளவர்கள் என்று திருத்தம் கூறுகிறது. இதைப் படிப்பவர்கள், இனி நாமினியே உரிமையாளர் என்று முடிவு செய்துவிடுவது இயல்பு. ஆனால் 2025-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்பு வந்த ஒரு வழக்கு நாம் கவனிக்க வேண்டியது. ஒருவர் திருமணத்துக்கு முன்பு தம் தாயை நாமினியாக்கியிருந்தார். பின்னர் மணந்தார், குழந்தை பிறந்தது, பெயரை மாற்றாமலே இறந்தார். மனைவியும் குழந்தையும் பங்கு கோரியபோது, திருத்தப்பட்ட பிரிவும் வாரிசுரிமைச் சட்டத்தை விலக்கி வைத்துவிடவில்லை என்று அந்நீதிமன்றம் கூறி, தாய், மனைவி, குழந்தை மூவருக்கும் சம பங்கு அளித்தது. எங்கள் வாசலில் வெவ்வேறு பெஞ்சுகளில் அமர்ந்திருந்த இருவரின் கதையும் ஏறத்தாழ இதுவே.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒன்றில் நாமினியான மனைவியிடம் தாய் பங்கு கேட்டார். மற்றொன்றில் நாமினியான தாயிடம் மனைவி பங்கு கேட்டார். சட்டம் மாமியாருக்கோ மருமகளுக்கோ எதிரியன்று. பாலிசிப் படிவத்தில் என்றோ எழுதிய ஒரு பெயர், குடும்பத்தின் அனைத்துக் கேள்விகளுக்கும் விடையாகாது என்பதே இரண்டிலும் உள்ள பாடம். பங்குச் சந்தை முதலீடுகளிலும் நாமினி உரிமையாளராகிவிடுவதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வங்கி வைப்பிலும் நிலை இதுவே. நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். வாரிசுகளுக்கு நாமினி கடமைப்பட்டவராகவே நிற்பார்.

அவ்வாறாயின் நாமினி எதற்கு என்று கேட்கலாம். நாமினியின் பெயர் சரியாக இருந்தால் பணம் விரைவில் கைக்கு வரும். பெயரே இல்லாவிட்டாலும், நாமினி முன்னரே இறந்திருந்தாலும், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ், சில வேளைகளில் நீதிமன்றத்தில் இறங்குரிமைச் சான்றிதழ் என்று மாதக்கணக்கில் அலைய நேரும். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு அந்த மாதங்கள் வட்டி ஏறும் மாதங்கள். ஆகவே நாமினியும் சரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் உயிலும் வேண்டும்.

வாரிசுகள் யார் என்பதிலும் நாம் நினைப்பது வேறு, சட்டம் சொல்வது வேறு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தாய், மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். மணமாகிச் சென்ற மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு உண்டு. ஆனால் தந்தை முதல் வகுப்பில் இல்லை. எங்கள் வார்டுகளில் மகனின் கட்டிலருகே தரையில் துண்டை விரித்துப் படுக்கும் முதிய தந்தையர் எத்தனையோ பேர். அந்த மகன் உயில் எழுதாமல் போய், மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், அத்தந்தைக்குச் சட்டப்படி ஒரு ரூபாய் கூடப் பங்கில்லை. மணமாகாத அக்காவுக்கும், பல ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்ட தம்பிக்கும் அவ்வாறே. கிறித்தவக் குடும்பங்களில், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கும் சேரும். அங்கே தாய்க்கும் பங்கில்லை. இசுலாமியக் குடும்பங்களில் அவர்களுடைய மார்க்கச் சட்டப்படி பங்குகள் வகுக்கப்படுகின்றன. கடனும் இறுதிச் சடங்குச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே உயில் எழுத இயலும். தம் விருப்பம் சட்டத்தின் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பதை அறிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.

“எங்களிடம் என்ன இருக்கிறது?”

இப்பேச்சைத் தொடங்கினால் பலர் கூறும் முதல் மறுமொழி இது. சொத்துள்ளவர்களின் கவலை நமக்கெதற்கு என்று கருதுகிறார்கள். நான் கண்டவரையில், குறைவாக உள்ளவர்களுக்கே இது பெரிய இழப்பாகிறது.

வங்கிப் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தால், அவர் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் இருக்கிறார் என்று பொருள். 55 வயது வரை நீடிக்கும் அத்திட்டத்தில், எக்காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆண்டுக்கு 20 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தால் அது விபத்துக் காப்பீடு. வங்கியில் கணக்குத் தொடங்கியபோது ஒரு படிவத்தில் கையெழுத்திட்டதோடு அதை மறந்துவிட்டவர்கள் பலர். அவர்களே மறந்ததை வீட்டார் எவ்வாறு அறிவார்கள்?

வேலையில் இருப்பவர்களுக்கு ஊழியர் வருங்கால வைப்பு நிதியுடன் ஒரு காப்பீடும் இணைந்திருக்கிறது. அதன் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். பணியில் இருக்கும்போது மரணம் நேர்ந்தால் கிடைப்பது அது. நோயின் களைப்பில், மனம் சலித்து, அவசரமாக வேலையை ராஜினாமா செய்யும் நோயாளிகளைக் காண்கிறேன். அவ்வாறு எழுதிக் கொடுக்குமுன் அலுவலகத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதியில் மற்றொரு விதியும் உண்டு. குடும்பம் இல்லாதபோது எவரையேனும் நாமினியாகக் காட்டியிருந்து, பின்னர் திருமணமாகிக் குடும்பம் ஏற்பட்டால், பழைய நியமனம் தானாகவே செல்லாததாகிவிடும். புதிதாகத் தாக்கல் செய்தாக வேண்டும்.

மருத்துவமனையில் இருக்கும் மாதங்களில் நிகழும் மிகப் பெரிய இழப்பு வேறொன்று. பிரீமியத் தவணை தவறிவிடுவது. பத்து ஆண்டுகள் ஒழுங்காகச் செலுத்தியவர் படுக்கையில் இருக்கும்போது, அந்த ஒரு தவணையைச் செலுத்த எவருக்கும் நினைவிருப்பதில்லை. மாதத் தவணைக்கு 15 நாள்களும் மற்றத் தவணைகளுக்கு 30 நாள்களும் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் மரணம் நேர்ந்தாலும் காப்பீடு செல்லும். அதைக் கடந்தால் பாலிசி காலாவதியாகும். பின்னர் அதைப் புதுப்பிக்கும்போது நோயை மறைத்து எழுதாதீர்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி, 3 ஆண்டுகள் கடந்த பாலிசியை எக்காரணம் காட்டியும் நிறுவனம் கேள்விக்குள்ளாக்க இயலாது. ஆனால் புதுப்பித்தால் அந்த 3 ஆண்டுக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. மருத்துவமனைப் பதிவேடுகளில் நோய் தொடங்கிய நாள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். மறைத்த உண்மை, பிரிந்தவரின் நேர்மையைச் சந்தேகத்துக்குள்ளாக்கி, வீட்டாரை வெறுங்கையுடன் அனுப்பிவிடும்.

பாலிசியில் சிறுவர் நாமினியாக இருந்தால், அவர் சார்பில் பணத்தைப் பெற ஒரு பெரியவரின் பெயரும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்பெரியவர் இன்றும் இருக்கிறாரா, நம்பத்தக்கவரா என்று பாருங்கள். வங்கிக் கணக்குகளில் 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை நாமினிகளாக நியமிக்கலாம். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பங்கு என்றும் குறிப்பிடலாம். தாயா மனைவியா என்று ஒரு பெயரை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாமல் தவித்த ஆண்கள் இதை ஓர் ஆறுதலாகக் கொள்ளலாம்.

உடல்நலத்துடன் உடனிருந்து கவனிக்கும் உறவினர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. புதிதாக ஆயுள் காப்பீடு எடுக்கும் மணமான ஆண்கள், 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் அதை எடுக்க இயலுமா என்று முகவரிடம் கேளுங்கள். விண்ணப்பிக்கும்போதே மனைவி மக்களின் நன்மைக்காக என்று குறிப்பிட்டால், அப்பாலிசி அவர்களுக்காக வைக்கப்பட்ட ஓர் அறக்கட்டளைச் சொத்தாகக் கருதப்படும். கணவரின் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. அவருடைய மற்றச் சொத்துகளோடு சேர்ந்து அது பங்கிடப்படவும் மாட்டாது. அன்றைய சென்னை மாகாணத்தில் 1913-இன் இறுதிக்குப் பின்னர் எடுக்கப்பட்ட இந்து, இசுலாமியக் குடும்பத்தார் பாலிசிகளுக்கும் இப்பாதுகாப்பு விரிவாக்கப்பட்டது. நூறாண்டு கடந்த இவ்வுரிமையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கைநாட்டு விருப்பமாகாது

இதுவரை கூறியதைக் கேட்டு, நோயாளியின் தலையணைக்கருகே இன்றே முத்திரைத்தாளுடன் சென்று நிற்பவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இப்பகுதி.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயமன்று. பதிவு செய்ய விரும்பும் நோயாளியால் அலுவலகத்துக்குச் செல்ல இயலாவிட்டால், தக்க காரணம் காட்டி விண்ணப்பித்துச் சார்பதிவாளரை இருப்பிடத்துக்கே வரவழைக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. கையெழுத்திட இயலாதவர் கைநாட்டு இடலாம். அல்லது அவருடைய கண்முன் அவர் சொற்படி வேறொருவர் கையெழுத்திடலாம். குறைந்தது இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். அவர் ஒப்பமிட்டதைக் கண்டோ, தாம் ஒப்பமிட்டதாக அவரே கூறக் கேட்டோ, அவருடைய முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். உயிலால் பயன்பெறுபவர் சாட்சியாக இல்லாதிருப்பதே நல்லது. நோயாளி எத்தனை முறை வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம்.

இவை அனைத்துக்கும் அடிப்படையான நிபந்தனை ஒன்று உண்டு. எழுதுபவர் தாம் செய்வது இன்னதென்று அறியும் தெளிவோடு இருக்க வேண்டும். நோயினாலோ மயக்கத்தினாலோ அத்தெளிவு இல்லாத நேரத்தில் எழுதப்பட்ட உயில் செல்லாது. வஞ்சகத்தாலும் கட்டாயத்தாலும் பெற்ற உயில் செல்லாது என்று கூறும் 61-ஆம் பிரிவு அதோடு நிற்கவில்லை. ஒருவருடைய சுயவிருப்பத்தையே பறித்துவிடும் அளவுக்கு இடைவிடாது நச்சரித்துப் பெற்ற உயிலும் செல்லாது என்கிறது. தளர்ந்த உடல்நிலையில், தொந்தரவு ஓய்ந்து நிம்மதி கிடைத்தால் போதும் என்று பணிந்து எழுதிக் கொடுப்பதை அச்சட்டமே ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. நோயுற்றவரின் களைப்பைப் புரிந்துகொண்ட எவரோ அவ்வரியை எழுதியிருக்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்தின் பிடியில் இருப்பவரின் கட்டைவிரலில் மை தடவி ஒரு தாளில் அழுத்துவதைத் தடுக்க வேண்டிய நிலை எங்கள் செவிலியர்களுக்கு நேர்ந்திருக்கிறது. அவ்வாறு செய்தவர்கள் கொடியவர்கள் என்று நான் கூறமாட்டேன். காலம் கடந்துவிட்டதே என்ற பதற்றம் அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது. ஆயினும் அத்தாளால் பயனில்லை. எழுதியவரின் மனநிலை ஐயத்துக்குரியதாக இருந்தாலோ, பயன்பெறுபவரே முன்னின்று உயிலைத் தயாரித்திருந்தாலோ, அந்த ஐயங்களைப் போக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958-இலேயே வகுத்துவிட்டது. பதற்றத்தில் பெற்ற கைநாட்டு, குடும்பத்துக்குச் சொத்தைத் தராது. பல ஆண்டு வழக்கையும், தம் தந்தையின் விரலைப் பிடித்து இழுத்தோம் என்ற தீராத நினைவையும் மட்டுமே தரும்.

அறிவுரையை உறவினர்களுக்கு மட்டும் கூறிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ளலாகாது. மருத்துவமனைகளும் இதில் தம் பங்கைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோயாளியே கேட்டுக்கொண்டால், அவர் தெளிவான நிலையில் இருக்கிறார் என்று மருத்துவர் பரிசோதித்து எழுதித் தர முன்வர வேண்டும். உறவினர் நீட்டும் தாளில், நோயாளியிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், பணியாளர் எவரும் சாட்சிக் கையெழுத்திடக் கூடாது. வார்டின் இரைச்சலுக்கு அப்பால், நோயாளி தம் மனைவியுடனோ, தம் வழக்கறிஞருடனோ, தேவையெனில் எவரும் உடனில்லாமல் எங்களில் ஒருவருடனோ பேச ஓர் அமைதியான இடமும் வேண்டும். உணவுப் பத்தியத்தை விளக்க ஒருவரை நியமிக்கும் நாம், இதற்கு மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்?

அபசகுனம் என்னும் அச்சம்

“நல்ல பேச்சுப் பேசுங்கள், அவர் குணமாகி வரப்போகிறார்” என்று என்னைக் கடிந்துகொண்டவர்கள் உண்டு. அவ்வச்சத்தை நான் இகழவில்லை. மரணத்தைப் பற்றிப் பேசினால் மரணம் வந்துவிடும் என்ற நடுக்கம் அன்பிலிருந்து பிறப்பது. வீட்டார் உயில் பற்றிக் கேட்டால், இவர்கள் நம்மை வழியனுப்பத் தயாராகிவிட்டார்கள் என்று நோயாளி மனம் உடைந்துபோவாரோ என்ற கவலையும் நியாயமானதே. சிலர் உண்மையிலேயே மனம் உடைவார்கள். அவர்களிடம் வற்புறுத்தக் கூடாது. பேச விரும்பாமல் இருப்பதும் நோயாளியின் உரிமை.

ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர்கள் இவற்றை நினைக்காமல் இருக்கிறார்கள் என்று கருதுவது நம் பிழை. இரவில் உறக்கம் வராமல் விழித்திருக்கும் அவர்கள் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். பெரியவர் ஒருவர், வீட்டார் காபி வாங்கச் சென்றிருந்த நேரத்தில் என்னிடம் இவ்வாறு கூறினார்: “தம்பி, பீரோவில் நீல நிறக் கோப்பு ஒன்று இருக்கிறது. எல்லாம் அதில்தான் இருக்கிறது. சொன்னால் பையன் அழுவான் என்று சொல்லாமல் இருக்கிறேன்.” அன்று மாலையே மகன் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கூறினார்: “அப்பாவிடம் சில கணக்குகளைக் கேட்க வேண்டும் சார், கேட்டால் பயந்துவிடுவார்.” இருவருக்கும் இடையில் இருந்தது ஒரு திரைச்சீலை மட்டுமே. மறுநாள் மகனை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே நின்றுகொண்டேன். அரை மணி நேரத்துக்குப் பின்னர் அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. தந்தையோ அன்று மாலை இட்லி கேட்டு உண்டார். பின்னர் அவர் நலமடைந்து வீடு திரும்பினார். கோப்பைப் பற்றிப் பேசியதால் எவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை.

பேச்சை எவ்வாறு தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட ஒரு வழி உண்டு. சொத்தில் தொடங்காதீர்கள். கடமையில் தொடங்குங்கள். “இந்த மாதம் கட்ட வேண்டிய தவணை ஏதேனும் இருக்கிறதா?” என்று கேளுங்கள். அது இன்றைய வேலை. அதில் அபசகுனம் ஏதுமில்லை. அக்கேள்வியிலிருந்து பாலிசி எங்கே இருக்கிறது என்பது வரும். பாலிசியை எடுத்தால் நாமினி பெயர் வரும். பெயரைப் படித்தால், “இதை மாற்ற வேண்டுமே” என்றோ, “இப்படியே இருக்கட்டும்” என்றோ அவரே கூறுவார். இருக்கட்டும் என்று அவர் கூறினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் அதில் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவருடைய உழைப்பின் பயன் எவருக்கு என்று கூறும் உரிமை, அவர் நோயுற்றதனால் நம் கைக்கு மாறிவிடுவதில்லை.

பெயரை மாற்றுவது கடினமான செயலன்று. பாலிசிதாரர் கையெழுத்திட்ட ஒரு படிவத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கி வையுங்கள். படிவத்தை நிரப்பி வீட்டிலேயே வைத்திருந்தால் நிறுவனத்துக்கு அது தெரியாது. பாலிசி எண்கள், வங்கிக் கணக்குகள், வைப்பு நிதி எண், கொடுத்த கடன், வாங்கிய கடன் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தை இருவரிடமாவது கூறி வைக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டுகள் எவரும் கோராத காப்பீட்டுத் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குச் சென்றுவிடுகிறது. அதன்பின்னும் கோரிப் பெற வழியுண்டு. ஆனால் இருப்பதே தெரியாத பணத்தை எவர் சென்று கோருவார்கள்? காப்பீட்டு நிறுவனம் நியாயமின்றி மறுத்தால், கட்டணமின்றி முறையிடக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. வாரிசுகளுக்குள் எழும் சச்சரவு நீதிமன்றத்துக்கே செல்லும். வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

அந்த இரு பெண்களும் அன்று தங்களுக்குத் தேவையான காகிதங்களைப் பெற்றுக்கொண்டு தனித்தனி ஆட்டோவில் ஏறிச் சென்றார்கள். மாமியார் ஏறுமுன் திரும்பி வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அவர்களுக்குள் பின்னர் என்ன முடிவாயிற்று என்பதை நான் அறியேன். அவர்களைப் பிரித்தது பணத்தாசை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் என்ன நினைத்திருந்தார் என்பதை ஒருவர் வாயால் மற்றவர் கேட்க வேண்டியிருந்ததே அவர்களைப் பிரித்தது. அவரே ஒருமுறை கூறியிருந்தால், இருவரும் அதை அவருடைய சொல்லாக மதித்திருப்பார்கள்.

இதைப் படிக்கும் நீங்கள் நோயாளியாக இருந்தால், உங்கள் விருப்பத்தை ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். நீங்கள் உடனிருப்பவராக இருந்தால், இன்று மாலைப் பார்வை நேரத்தில் நாற்காலியைச் சற்று அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தவணையைப் பற்றிக் கேளுங்கள். எப்படித் தொடங்குவது என்று தயக்கமாக இருந்தால், மருத்துவ ஆவணப் பிரிவுக்கு அடுத்த அறையின் கதவு திறந்தே இருக்கும். இம்முறை நான் கேட்கத் தவறமாட்டேன்.